இரும்பின் பிறவிக் குணம்

(வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் "மின்சாரமும் காந்தமும்" என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசுவேன் என்று விளம்பரத்தில் போட்டிருக்கின்றார்கள். அதைத்தான் பேசப் போகின்றேன். ஆனால் இந்த ஊரில் வந்து இறங்கினவுடன் இளைஞர் சிலர் என்னிடம் ஒரு சங்கதி சொன்னார்கள். சென்ற வாரம் இங்கே ஒருவர் உபன்யாசம் செய்தாராம். அதில் அவர், காந்தம் இரும்பை இழுக்கின்றது, செம்பை இழுப்பதில்லை, பித்தளையை இழுப்பதில்லை, அது அதனதன் பிறவிக் குணம். உயிரில்லாத உலோகத்துக்கே மாறாத பிறவிக் குணம் இருக்கும்பொழுது மனிதனுக்கு மாத்திரம் இல்லாமற் போகுமா? எத்தனை பள்ளிக்கூடம் படித்தாலும், எந்த உத்தியோகத்தில் உட்கார்ந்தாலும் பிறந்த ஜாதியின் குணம் போகாது என்பதாகச் சொன்னாராம். கூட்டமும் தலையை ஆட்டிற்றாம். "இதற்கு என்ன பதில்?" என்று இளைஞர்கள் கேட்டார்கள்.

தோழர்களே! உவமானம் என்பது ருஜுவாகாது. இரும்பு எப்படி இருந்தால் மனிதனுக்கு என்ன? இரும்பைப் போல் மனிதனும் துருப்பிடிக்க வேண்டுமா? ஆகவே "உலோகத்தைக் காட்டி மனிதனுக்குத் தீர்ப்புச் சொல்லாதே" என்ற ஒரு வார்த்தையோடு நான் உட்கார்ந்து விடலாம். ஆனால் ஒரு வக்கீல் சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டால், எதிர்க்கட்சிக்காரனுக்கு அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய உரிமை உண்டு. அவர் இரும்பைக் கூண்டில் ஏற்றியிருக்கின்றார். அந்த இரும்பையே நாமும் இரண்டு கேள்வி கேட்டுப் பார்ப்போமே!

முதற் கேள்விக்குத் தாய்மார்கள் வீட்டிலேயே பதில் இருக்கின்றது. எவர்சில்வர் பாத்திரம் என்கின்றோமே, அது என்ன உலோகம்? நல்ல ரக எவர்சில்வரில் நூற்றுக்கு எழுபது பங்கு அளவில் இரும்புதான். மீதி குரோமியமும் நிக்கலும். குழந்தைகள் விளையாடும் காந்தத்தை எடுத்து அந்தச் சொம்பின் வயிற்றில் வைத்துப் பாருங்கள்; ஒட்டாது, விழுந்துவிடும். எழுபது பங்கு இரும்பின் பிறவிக் குணம் எங்கே போயிற்று? இன்னொரு வேடிக்கை. அதே சொம்பில் தகட்டை மடித்து அடித்த விளிம்பு இருக்கின்றதே, அங்கே வைத்தால் பல சமயங்களில் லேசாக ஒட்டும். ஒரே தகடு, ஒரே பாத்திரம். அடிபட்ட இடத்துக்கு ஒரு குணம், அடிபடாத இடத்துக்கு ஒரு குணம்! (சில மலிவு ரகங்கள் முழுவதுமே ஒட்டும், அவை வேறு கலப்பு. இண்டக்ஷன் அடுப்புக்கென்று விற்பவற்றின் அடிப்பாகமும் ஒட்டும். பிறகு என்னைப் பொய்யன் என்று சொல்லாதீர்கள்.)

இவ்வளவு சுலபமாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியதை ஏன் ஒருவரும் பார்ப்பதில்லை என்று நீங்கள் கேட்கலாம். இந்த வியாதி நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. காந்தத்தின்மேல் வெள்ளைப் பூண்டைத் தேய்த்தால் அதன் சக்தி போய்விடும் என்று புளுடார்க் முதலிய பழைய கிரேக்க ஆசிரியர்கள் எழுதி வைத்தார்கள். சுமார் ஆயிரத்தைந்நூறு வருஷகாலம் ஐரோப்பாவில் படித்தவர்கள் அதை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களேயொழிய, ஒரு பல் பூண்டை உரித்துத் தேய்த்துப் பார்த்தவர்கள் மிகவும் சொற்பம். இத்தாலியில் போர்ட்டா என்பவர் தேய்த்துப் பார்த்து, இது பொய் என்று 1589ல் தம் புத்தகத்தில் எழுதினார். ஆனால் அதே போர்ட்டா, வைரத்தில் உரசினால் இரும்பு காந்தமாகும் என்று எழுதினார். இங்கிலாந்தில் வில்லியம் கில்பர்ட் என்ற வைத்தியர், அவர் எலிசபெத் ராணிக்கும் வைத்தியராயிருந்தவர், எழுபத்தைந்து வைரங்களைக் கொண்டு பல பேர் முன்னிலையில் உரசிப் பார்த்து, அதுவும் பொய் என்று 1600ல் வெளியிட்டார். ஒருவர் பொய்யை ஒழித்தவர் என்பதற்காக அவருடைய மற்ற வார்த்தைகளையெல்லாம் வேதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே போதும். என் வார்த்தையையும் சேர்த்துத்தான் சொல்லுகின்றேன்.

அந்தக் கில்பர்ட் இன்னொன்றும் பார்த்தார். செக்கச் செவேலென்று பழுக்கக் காய்ந்த இரும்பைக் காந்தம் இழுப்பதில்லை. நம் கொல்லுப்பட்டறைத் தோழர்களில் பலர் இதை அறிவார்கள். எவ்வளவு காய்ச்சினால் இழுப்பு நிற்கின்றது என்பதற்கு இன்று கணக்கு இருக்கின்றது. இரும்புக்கு 770 டிகிரி. நிக்கலுக்குச் சுமார் 358 டிகிரி. கடோலினியம் என்று ஒரு உலோகம் உண்டு; அதற்குச் சுமார் 20 டிகிரிதான்! அது ஊட்டிக் குளிரில் காந்த ஜாதி. அதையே சென்னைக்குக் கொண்டுவந்து சித்திரை வெயிலில் வைத்தால் காந்த ஜாதியிலிருந்து விலக்கப்பட்டுவிடும். மறுபடி ஊட்டிக்குப் போனால் மறுபடி சேர்த்துக்கொள்ளப்படும். பிராயச்சித்தம், தக்ஷிணை ஒன்றும் கிடையாது.

இது ஆராய்ச்சி சாலையில் மாத்திரம் நடப்பதென்று நினைக்காதீர்கள். சோறு வெந்ததும் தானாக "டக்" என்று அணைகின்றதே, சாதாரண எலக்ட்ரிக் ரைஸ் குக்கர், அதன் அடியில் நூறு டிகிரிக்குச் சற்று மேலே காந்த குணத்தை இழக்கும் ஒரு துண்டு இருக்கின்றது. பாத்திரத்தில் தண்ணீர் உள்ளவரை உஷ்ணம் நூறைத் தாண்டாது. தண்ணீர் வற்றினதும் உஷ்ணம் ஏறுகின்றது, அந்தத் துண்டின் காந்த குணம் போகின்றது, வில் விடுபட்டு விசை அணைகின்றது. தினம் இரண்டு வேளை பிறவிக் குணம் போய் வந்துகொண்டிருக்கின்றது. நாம் அதில் சோறு சாப்பிட்டுவிட்டு உபன்யாசத்துக்குப் போய்த் தலையை ஆட்டுகின்றோம்.

இப்படி ஏன் நடக்கின்றது? இரும்பின் ஒவ்வொரு அணுவும் ஒரு சிறு காந்தம். சாதாரண உஷ்ணத்தில் அண்டை அணுக்கள் ஒன்றையொன்று பார்த்து ஒரே திசையில் அணிவகுத்து நிற்கின்றன. உஷ்ணம் ஏற ஏற அணிவகுப்புக் கலைகின்றது. 770 டிகிரியில் முற்றிலும் கலைந்து, ஒவ்வொன்றும் ஒரு திசை பார்க்கத் தொடங்குகின்றது. அணு அழிந்துபோகவில்லை. இரும்பு இரும்பாகவே இருக்கின்றது. போனது அணிவகுப்பு. அதாவது காந்தம் என்பது தனி அணுவின் உள்ளே பூட்டி வைத்த பொருளல்ல. அணுக்கள் ஒன்றோடொன்று கூடி நிற்கும் விதத்தில் இருக்கின்றது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரத்தத்தில் இரும்பு இருக்கின்றது, காந்தக் காப்பு போட்டால், காந்தப் படுக்கையில் படுத்தால் அது இரத்த ஓட்டத்தை இழுத்துச் சரி செய்யும் என்று ஊர் ஊராய் வந்து ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகின்றவர்கள் இருக்கின்றார்கள். இரத்தத்திலுள்ள இரும்பு அணுக்கள் தனித்தனியே பிரிந்து கிடப்பவை; அணிவகுத்து நிற்பவையல்ல. ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கின்றார்களே, அந்தக் காந்தத்தின் வலிமை சாதாரணமாக 1.5 டெஸ்லா. நாற்காலியையே இழுத்துக்கொள்ளும் காந்தம். அதற்குள் மனிதனைப் படுக்க வைத்தும் இரத்தம் ஒரு பக்கமாய் ஓடி ஒதுங்குவதில்லை. காப்பு என்ன செய்துவிடும்? "இரும்பு" என்ற பெயர் ஒன்றாயிருப்பதால் குணமும் ஒன்றாயிருக்கும் என்று நம்புகின்றவனிடம்தான் இந்த வியாபாரம் நடக்கும்.

நிற்க. அணிவகுப்பு என்கின்றாயே, நீ உள்ளே போய்ப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இங்கேதான் மின்சாரம் இரண்டாவது சாட்சியாக வருகின்றது.

கம்பிக்குள் மின்சாரம் ஓடுவதென்றால் எலக்ட்ரான் என்னும் மிகச் சிறிய துணுக்குகள் ஓடுகின்றன என்று பொருள். சந்தைக் கூட்டத்துக்குள் நீங்கள் அவசரமாய் நடந்துபோவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வரிசையாய் நின்றால் நடுவே விரைவாய்ப் போய்விடலாம். ஆளுக்கொரு பக்கம் திரும்பித் தள்ளிக்கொண்டிருந்தால் இடிபட்டுத்தான் போகவேண்டும். உலோகத்தில் இந்த இடிபாட்டுக்குத்தான் மின்தடை என்று பெயர். எந்த உலோகத்தைக் காய்ச்சினாலும் அணுக்கள் அதிர்வதால் தடை ஏறும். செம்புக் கம்பியை அறை உஷ்ணத்திலிருந்து 770 டிகிரிவரை காய்ச்சினால் தடை சுமார் நான்கு மடங்காகின்றது. அதே உஷ்ணத்துக்கு இரும்புக் கம்பியைக் காய்ச்சினால் சுமார் பத்து மடங்காகின்றது! அதிர்வு ஒன்றினால் மட்டும் இவ்வளவு ஏறாது. இந்த அதிகப்படியில் பெரும் பங்கு காந்த அணிவகுப்புக் கலைவதால் வந்தது. அதற்கு ருஜு என்ன? அணிவகுப்பு முற்றும் கலைந்த 770 டிகிரிக்கு மேலே, தடையின் ஏற்றம் சட்டென்று மந்தப்பட்டுவிடுகின்றது. கலைவதற்கு மேலும் ஒன்றும் பாக்கியில்லை அல்லவா? காந்தம் போகும் இடத்திலேயே மின்தடைக் கோடு முழங்கால்போல் மடங்குகின்றது. லண்டனில் ஜான் ஹாப்கின்சன் என்ற இஞ்சினீயர் 1889ல் இதை அளந்து வெளியிட்டார்.

இன்னொரு விதமாகவும் சோதிக்கலாம். அந்த மடங்கும் இடத்துக்கு அருகில் கம்பியை வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து ஒரு பலமான காந்தத்தைக் காட்டினால், கலைந்துகொண்டிருக்கும் அணுக்கள் சற்று வரிசைக்கு வருகின்றன, மின்தடை குறைகின்றது. காந்தம் காட்டுவதால் மின்தடை மாறுவதைக் காந்தத்தடை என்று சொல்லலாம். இரும்பிலும் நிக்கலிலும் காந்தத்தால் தடை மாறுவதை முதலில் கண்டவர் வில்லியம் தாம்சன். 1857ல் அதை வெளியிட்டார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பட்டம் பெற்றவர் அவரே. ஆகவே உள்ளே நடப்பதை ஞானக்கண்ணால் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. ஒரு கம்பி, ஒரு பேட்டரி, ஒரு மீட்டர், ஒரு காந்தம். நம்பிக்கையில்லாதவனும் அளக்கலாம்; அவனுக்கும் அதே கணக்குத்தான் வரும்.

இப்பொழுது வழக்கின் முக்கியமான பாகத்துக்கு வருகின்றேன். அதே ஹாப்கின்சன், நூற்றுக்கு 25 பங்கு நிக்கல் சேர்த்த உருக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார். இரும்பைக் காந்தம் இழுக்கும். நிக்கலையும் காந்தம் இழுக்கும். தாயும் காந்த ஜாதி, தகப்பனும் காந்த ஜாதி. பிள்ளை? காந்தம் இழுக்கவேயில்லை! சரி, அப்படியே இருக்கட்டும் என்று விடாமல், அதைத் தண்ணீர் உறையும் நிலைக்குச் சற்றுக் கீழே குளிர வைத்தார். காந்தம் இழுக்கத் தொடங்கிற்று. குளிரிலிருந்து வெளியே எடுத்துப் பழையபடி சாதாரண உஷ்ணத்துக்குக் கொண்டுவந்தார். முன் குணத்துக்குத் திரும்பும் என்றுதானே எவரும் எதிர்பார்ப்பார்கள்? திரும்பவில்லை. காந்தம் இழுத்துக்கொண்டே இருந்தது. சுமார் 580 டிகிரிவரை காய்ச்சின பிறகுதான் அந்தக் குணம் போயிற்று. போனபின் ஆறவிட்டால் மறுபடி காந்தமற்றதாகவே இருந்தது. திரும்பவும் உறைநிலைக்குக் கீழே குளிர வைக்கும் வரையில்.

தோழர்களே! இதைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். மேசைமேல் ஒரே உருக்கிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள். ஒரே கலப்பு, ஒரே எடை, ஒரே உஷ்ணம். ஒன்றைக் காந்தம் இழுக்கின்றது, மற்றொன்றை இழுக்கவில்லை. மின்சாரம் விட்டு அளந்தாலும் இரண்டும் வேறு; ஒன்றின் தடை சுமார் 72 பங்கு என்றால் மற்றதன் தடை 52 பங்கு. பிறப்பைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான். வித்தியாசம் எங்கேயிருந்து வந்தது? ஒன்று குளிர் பார்த்து வந்தது, மற்றொன்று நெருப்புப் பார்த்து வந்தது. அது அனுபவித்தது என்ன என்று கேட்காமல், அது எதிலிருந்து பிறந்தது என்று மட்டும் கேட்கின்றவனுக்கு இந்த இரண்டு துண்டையும் ஒருநாளும் விளங்கிக்கொள்ள முடியாது.

இதற்குக் காரணமும் இன்று தெரியும். குளிர்ந்தபொழுது அணுக்கள் அடுக்கியிருக்கும் அடுக்கே மாறிவிடுகின்றது. மாறிய அடுக்கு, திரும்பி வர வேறு உஷ்ணம் கேட்கின்றது. எவர்சில்வர் விளிம்பில் நடந்ததும் இதுவே. அங்கே குளிருக்குப் பதில் சுத்தியலும் அச்சும் அந்த வேலையைச் செய்தன.

எதிர்க்கட்சிக்காரர் எழுந்து, "அது போகட்டும், ஒன்றுமில்லாதவற்றைச் சேர்த்தால் உயர்ந்தது பிறக்குமா?" என்று கேட்கக்கூடும். அதற்கும் சாட்சியுண்டு. 1903ல் ஜெர்மனியில் ஹாய்ஸ்லர் என்பவர் செம்பு, மாங்கனீஸ், அலுமினியம் இவைகளைச் சேர்த்து உருக்கினதை வெளியிட்டார். மூன்றையும் தனித்தனியே காந்தம் சட்டை செய்யாது. சேர்ந்து பிறந்ததோ நல்ல காந்தப் பொருள்! காந்த ஜாதிப் பெற்றோருக்குக் காந்தமில்லாப் பிள்ளை. காந்தமில்லாதவர் மூவர் கூடினால் காந்தப் பிள்ளை. மநுதர்ம சாஸ்திரத்தில் இதற்கு எந்த அத்தியாயத்தைப் பார்ப்பது?

காய்ச்சினால் காந்தம் போகும் என்றேன். அதையும் வேதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரும்பும் ரோடியமும் ஏறக்குறைய சம அணுக்களாகச் சேர்ந்த கலப்பில், 1938ல் ஃபாலோ என்ற பிரெஞ்சுக்காரர் நேர்மாறானதைக் கண்டார். அறை உஷ்ணத்தில் அது காந்தமல்ல. ஏனென்றால் அதில் இரும்பு அணுக்கள் ஒன்று மேலே பார்த்தால் அடுத்தது கீழே பார்த்து ஒன்றையொன்று கழித்துக்கொள்ளுகின்றன. வெந்நீர் அளவுக்குச் சூடாக்கினால், திடீரென்று எல்லாம் ஒரே பக்கம் திரும்பிக் காந்தமாகிவிடுகின்றது. அதே கணத்தில் மின்தடையும் மளமளவென்று இறங்குகின்றது. இதற்குச் சூடுகூடக் கட்டாயமில்லை. வெளிக்காந்தம் ஒவ்வொரு டெஸ்லாவுக்கும் அந்த மாறும் உஷ்ணத்தைச் சுமார் 8 டிகிரி கீழே இறக்கிவிடுகின்றது. ஆகையால் மாறும் இடத்துக்கருகில் வைத்துக்கொண்டு காந்தத்தைக் காட்டினாலே கலப்பு நிலை மாறி, தடை பெருமளவில் இறங்குகின்றது. 2004 முதல் நிக்கல், மாங்கனீஸ், இந்தியம் சேர்ந்த ஹாய்ஸ்லர் வகைக் கலப்புகளிலும் இதைப்போன்ற மாறுதலைப் பலர் அளந்து வருகின்றார்கள். ஹாப்கின்சன் துண்டைப் போலவே இவைகளும் போகும் வழி ஒன்று, வரும் வழி ஒன்றாகத்தான் நடக்கின்றன.

இதனால் சோறு வருமா என்று கேட்கின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. 1988ல் பிரான்சில் ஃபெர்ட், ஜெர்மனியில் குருன்பெர்க் ஆகிய இருவரும் தனித்தனியே, இரும்பையும் குரோமியத்தையும் சில அணுக்கள் கனமுள்ள மெல்லிய ஏடுகளாக மாற்றி மாற்றி அடுக்கினார்கள். அடுத்தடுத்த இரும்பு ஏடுகளின் காந்தம் எதிரெதிராக இருந்தால் தடை அதிகம். வெளிக்காந்தத்தால் ஒரே பக்கம் திருப்பினால் தடை குறைவு. கடுங்குளிரில் பாரிசில் பார்த்தபொழுது ஏறக்குறையப் பாதியாகவே குறைந்தது. 1997ல் இந்த முறையில் செய்த படிக்கும் முனை கம்ப்யூட்டர் வட்டுகளில் ஏறிற்று. வட்டில் கொள்ளும் விஷயம் பல மடங்கு பெருகியதற்கு இது ஒரு முக்கிய காரணம். 2007ல் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீங்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் கைப்பேசிகள் பலவற்றில் திசை காட்டும் துண்டு, காந்தத்தால் தடை மாறும் ஏடுதான். வடக்கு எதுவென்று அதனிடம் கேட்டுக்கொண்டே, வடக்கே தலைவைத்துப் படுக்கலாமா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுகின்ற மகான்களும் நம்மிடையே உண்டு.

நான் பொருள்களுக்குக் குணமே கிடையாதென்று சொல்ல வரவில்லை. தனிச் செம்பை எவ்வளவு குளிர வைத்தாலும், எவ்வளவு அடித்தாலும் இரும்பைப்போல் காந்தமாகாது. எதைச் செய்தால் எது மாறும், எது மாறாது என்பதைப் பொருளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்காமல் முன்கூட்டியே "இது பிறவி, மாறாது" என்று எழுதி வைத்து, மாற்றிப் பார்ப்பதே பாவம் என்று தடுப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கின்றேன். உபன்யாசகர் எழுபத்தைந்து வைரம் வாங்கவேண்டியதில்லை. ஒரு ஆணியை அடுப்பில் போட்டிருக்கலாம்.

அந்த ஆணியைக் கையோடு கொண்டு வந்திருக்கின்றேன். இதோ மேசைமேல் ஒரு காந்தம், குறட்டில் பிடித்த ஆணி, பொற்கொல்லர் தோழர் ஒருவர் அன்போடு கொடுத்த கேஸ் ஊதுகுழல். பக்கத்தில் மெல்லிய இரும்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, பேட்டரியையும் ஒரு சிறு பல்பையும் அதோடு தொடுத்திருக்கின்றேன். முதலில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் காந்தத்தருகில் கொண்டுபோவேன். இழுக்கின்றதா என்று பாருங்கள். ஆறினபின் மறுபடி கொண்டுபோவேன். பிறகு கம்பிச் சுருளைக் காய்ச்சுவேன். மின்தடை ஏற ஏற பல்பு எப்படி மங்குகின்றதென்று பாருங்கள். சந்தேகமுள்ளவர்கள், முக்கியமாகச் சென்ற வாரம் தலையை ஆட்டினவர்கள், மேடைக்கு வந்து தாங்களே செய்து பார்க்கலாம். முன்வரிசைக் குழந்தைகளை மாத்திரம் சற்றுப் பின்னால் உட்கார வையுங்கள். தோழரே, அந்த விசிறியை நிறுத்துங்கள். நெருப்பைப் பற்ற வைக்கின்றேன்.